இருபது ஆம்பியர் சுவிட்ச்

அக்டோபர் 14, செவ்வாய். இன்று எழுத வேண்டியது ஒரு சிறு தவறு. படகில் நான் மாட்டிய ஹீட்டர் சுவிட்சில் ஒரு சின்ன சிவப்பு பல்பு இருக்கிறது. மாட்டிய நாளிலிருந்து அது எரிந்ததே இல்லை. "பல்பு பழுது, பரவாயில்லை" என்று குறித்து வைத்தேன். ஏன் எரியவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதியவள், எழுதி முடித்ததும் 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது மிகையோ என்று தோன்றியது. அடித்த இடத்துக்கு மேலேயே பொடி எழுத்தில் மறுபடியும் 'சிறு' என்று எழுதினாள்.

அக்கா வீட்டுக்காரரான மாமா அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். பகலில் அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும் தேதியைப் படித்துவிட்டுத்தான் ஆளின் கையில் கொடுப்பாள். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடித்தாலும் படிக்காமல் கொடுக்கமாட்டாள். அப்படிப் பின்பக்கம் படித்தே கண் பூத்துப்போனவள், ஒரு சுவிட்சைத் திருப்பிப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

அந்தச் சுவிட்ச் இருந்தது மாமாவின் பாய்மரப் படகில். அதன் பெயர்ப்பலகை உப்புக் காற்றில் எப்போதோ அழிந்துவிட்டது. படகுத்துறையில் எல்லோரும் அதைச் 'சோம்பேறி' என்றுதான் சொல்வார்கள். மற்ற படகுகள் கிளம்பி ஒரு சுற்றுப் போய்வந்த பிறகுதான் அது அசையும். அதன் வயிற்றுக்குள் இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்று உண்டு. காற்று இருந்தால் பாய். துறைக்குள் நுழையவும் வெளியேறவும் இன்ஜின். ஞாயிறுதோறும் கரையோர விடுதியின் மேனேஜர் தன் விருந்தாளிகளை அனுப்புவார். மாமா படகை ஓட்டுவார். அக்கா கைக்குழந்தையோடு கூடவே போய், விருந்தாளிகளைக் கவனிப்பாள். வாரத்தின் மற்ற நாட்கள் அந்த ஒரு ஞாயிற்றை நம்பித்தான் ஓடின.

டீசல் இன்ஜின் குளிர்ந்து கிடந்தால் உடனே கிளம்பாது. உள்ளே இருக்கும் இரண்டு ஹீட்டர்களும் சிவக்கும்வரை கொஞ்ச நேரம் சூடேற்ற வேண்டும். பழைய தகரச் சுவிட்ச் பலகையில் அதற்கு ஒரு ஸ்பிரிங் பட்டன் இருந்தது. விரலை எடுத்தால் அணைந்துவிடும். மாமாவின் வலது கட்டைவிரல் பாய்க்கயிற்றின் உருளையில் ஒருமுறை மாட்டி நசுங்கியது. அதன்பின் அந்தப் பட்டனை அழுத்திப் பிடிப்பது அவருக்குப் பெரும்பாடு. பல்லைக் கடித்துக்கொண்டு, தானே கட்டிய ஒரு பாட்டைப் பாடுவார். பாட்டு முடியும்போது ஹீட்டர் சூடேறியிருக்கும். பாட்டின் கடைசி வரி பெரும்பாலும் ஒரு கெட்ட வார்த்தையாக இருக்கும்.

பலகை துருப்பிடித்து உதிர்ந்தபோது மாமா சொன்னார்: "நம்ம வீட்டுலயே ஒரு இன்ஜினியர் ராத்திரியும் பகலுமா படிச்சிக்கிட்டு இருக்கும்போது வெளியாளுக்கு என்ன வேலை?"

அவள் இன்ஜினியர் இல்லை. வீட்டு வயரிங் மாலை வகுப்பில் பாதிதான் தாண்டியிருந்தாள். ஆனாலும் மரத்தில் புதுப் பலகை ஒன்றை முறையாகச் செய்தாள். மீட்டர் இரவல் வாங்கி ஹீட்டர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்தாள். பதினெட்டு ஆம்பியர். தெருவிலிருந்த எலக்ட்ரிகல் கடையில், குளியலறை வாட்டர் ஹீட்டருக்குப் போடும் பெரிய சுவிட்ச் ஒன்று தொங்கியது. முகப்பில் தடித்த எழுத்தில் இருபது என்று போட்டிருந்தது. பதினெட்டுக்கு இருபது. கணக்கு சரி. அதோடு அது போட்டால் போட்டபடி நிற்கும். மாமாவின் விரலுக்கும் விடுதலை. வாங்கி மாட்டிவிட்டு, அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, சோம்பேறி திரும்பி வரும்போது துறைவாயில் காற்று செத்துப்போனது. மாமா சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றொரு சத்தம். அவ்வளவுதான். பேட்டரியில் சொட்டுக் கரண்ட் இல்லை. படகு நீரோட்டத்தின் இழுப்பில் போய், கட்டிக் கிடந்த ஒரு மீன்படகின் விலாவை உரசிக்கொண்டே நின்றது. விருந்தாளி அம்மாள் ஒருவர் முழங்காலில் விழுந்தார். மேனேஜர் கரையில் கைகட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

திங்கட்கிழமை மாமா பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார். ஹீட்டர் இரண்டில் ஒன்று கருகிப்போயிருந்தது. வயசாகிவிட்டது என்று சொல்லி மாற்றினார். பேட்டரி விற்றவனின் ஏழு தலைமுறையையும் திட்டினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

செவ்வாய் மாலை வகுப்பில் அது மறுபடியும் கிளம்பியது. ஆசிரியர் பகலெல்லாம் எங்கோ ஓர் ஆலையில் வேலை பார்த்துவிட்டு வருபவர். கொட்டாவியை அடக்காமலே பாடம் நடத்துவார். அன்று ஒரு சுவிட்சைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல இருக்கிற சிவப்பு பல்பு எரியணும்னா வீட்டு மெயின் கரண்ட் வேணும். பேட்டரியில வெச்சுப் பாத்தீங்கன்னா..." கொட்டாவி. "விடிய விடிய உக்காந்திருந்தாலும் எரியாது."

அவள் பேனா நின்றது. கையைத் தூக்கினாள்.

"சார், பேட்டரி கரண்டுக்கு இந்த சுவிட்ச்சைப் போட்டா என்ன ஆகும்?"

"எங்க போட்டே?"

"படகுல சார்."

"படகா? சிலபஸ்ல வீடு இருக்கு, கடை இருக்கு, மாவு மில்லு கூட இருக்கு. படகு இல்லம்மா."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். பிறகு புத்தகத்தைப் புரட்டி, பாடத்தில் இல்லாத பக்கத்தைத் தேடிப் படித்தாள். வீட்டுக் கரண்ட் ஏ.சி.; முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுவது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. அதனால் சுவிட்சை அணைக்கும்போது உள்ளே கிளம்பும் தீப்பொறி தானாகவே அவிந்துவிடும். பேட்டரி கரண்ட் டி.சி.; ஒரே பக்கமாக ஓடுவது, நடுவில் சாகாது. பொறி நின்று எரியும். உலோக முனைகளை உருக்கும். உருகிய முனை ஒட்டிக்கொண்டால், வெளியே சுவிட்ச் 'அணைந்தது' என்று காட்டினாலும் உள்ளே கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

பேட்டரி ஏன் செத்தது, ஹீட்டர் ஏன் கருகியது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. அதன்பிறகுதான் அந்தத் தேதியைப் போட்டு, 'சிறு தவறு' என்று எழுதினாள்.

வகுப்பு விட்டதும் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். கயிறு விற்கும் கடைக்கு மேல் இரண்டு அறைகள். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா கட்டைவிரலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா, பேட்டரி மேல தப்பில்ல. நான் போட்ட சுவிட்ச்தான் காரணம்."

"யாரு சொன்னா?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் வந்து நம்ம படகுல ஏறிப் பாத்துச்சாக்கும்." தைல மூடியைத் திருகினார். "அது எனக்கும் தெரியும், சந்தேகம். நேத்து ஹீட்டரை அணைச்சேன், அணையல, தொட்டா சுட்டுக்கிட்டே இருந்துச்சு. ஸ்க்ரூடிரைவர் பிடியால ஒரு தட்டு தட்டினேன். டக்குனு விட்டுடுச்சு. முடிஞ்சுது கதை."

"ஞாயித்துக்கிழமை தட்ட மறந்துட்டா?"

"நான் ஏன் மறக்கப்போறேன்?"

அக்கா திரும்பாமலே சொன்னாள்: "கண்ணாடியத் தலையில மாட்டிக்கிட்டு வீடு பூரா தேடற ஆளு. மறக்கவே மாட்டாரு."

"நீ வேற ஏன் கிளப்பி விடறே? மேனேஜர் என்ன சொன்னாரு தெரியுமில்ல? இந்த ஞாயிறு ஒழுங்கா போயிட்டு வா, இல்லேன்னா மஞ்சப் படகுக்காரனைக் கூப்பிட்டுக்கறேன்னாரு. அவன் வாயைத் திறந்துக்கிட்டுக் காத்திருக்கான். இந்த நேரத்துல சுவிட்ச்சு, புத்தகம்னுக்கிட்டு..."

கால் வலித்தது, காலையிலிருந்து மருந்துக் கடையில் நின்ற கால். "காலைல போய் ஒரு தடவை பாத்துட்டு வரட்டுமா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாரு. பாக்கறதுக்கு என்ன. கழட்டிக் கிழட்டி வெச்சிடாதே."

புதன் காலை வேலைக்குப் போகும் முன் படகுக்குப் போனாள். படகின் உள்ளறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். படி இறங்கினால் இடதுபுறம் சுவிட்ச் பலகை. அது மாட்டியிருந்த ஒட்டுப்பலகைச் சுவருக்கு மறுபக்கம் குறுகலான படுக்கை. டீசல் வாசனையும் ஈரத்துணி வாசனையும் கலந்து மூச்சை அடைத்தன. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து, விழாமலிருக்கச் சட்டைப்பைக்குள் போட்டாள். சுவிட்சை வெளியே இழுத்துத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் பொடி எழுத்து இருந்தது. இருபது ஆம்பியர், இருநூற்றைம்பது வோல்ட். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெளிவுக் கோடு. ஏ.சி. என்பதற்கான குறி. டி.சி.க்கு எந்த எண்ணும் இல்லை. சுவிட்சைச் செய்தவர்கள் இருபது என்று சொன்னது பொய்யில்லை. இந்த வேலைக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சுவிட்ச் இருந்த ஓட்டையைச் சுற்றி, பலகையின் உட்பக்கம் பழுப்பாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். தீய்ந்ததா, பழைய ஈரக்கறையா? ஈரக்கறையாகவும் இருக்கலாம். படகு என்றால் கறை இல்லாமலா?

இப்போது சுவிட்சைத் திரும்ப மாட்ட வேண்டும். மாமா சொன்னது அதுதான். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே உண்மையிலேயே உருகியிருக்கிறதா, இல்லை எல்லாம் தன் கற்பனையா? அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அறுத்தால் திரும்ப ஒட்டாது. தெரிந்துகொள்ளாமல் மாட்டுவதற்கோ கை வரவில்லை. ஒயர் முனைகளில் டேப் சுற்றினாள். சுவிட்சைச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் பைக்குள் போட்டாள். படகை விட்டு இறங்கிய பிறகு, கதவை இழுத்துப் பார்க்கவே இல்லை என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போக நேரமில்லை. அன்று முழுவதும் அதுவும் சேர்ந்து அரித்தது.

மாலை வகுப்பில் சுவிட்சைப் பிடிப்பானில் இறுக்கி, ரம்பத்தை எடுத்தாள்.

"புது சுவிட்ச்சை எதுக்கும்மா அறுக்கறே?" என்றார் ஆசிரியர்.

"உள்ள பாக்கணும் சார்."

"பாத்துட்டு?"

"தெரியல சார்."

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

இரண்டாகப் பிளந்தபோது உள்ளேயிருந்து கரி உதிர்ந்தது. முனையில் உருகி உறைந்த உலோகம் மிளகளவு துருத்திக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் ஒரு பக்கம் மெழுகுபோல வழிந்து நின்றது. அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. தான் நினைத்தது சரி என்பதில் வரும் நிம்மதி. நினைத்தது எது என்று மறுபடி உறைத்ததும் அது போய்விட்டது.

வகுப்பு விட்டு வெளியே வந்தபோது வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம் என்று சாயங்காலம் படகுக்குப் போயிருக்கிறார். சுவிட்ச் இருந்த இடத்தில் ஓட்டை அவரைப் பார்த்து இளித்திருக்கிறது.

"எங்க அது?"

அவள் இரண்டு துண்டுகளையும் அவர் கையில் வைத்தாள்.

மாமா தெருவிளக்கின் கீழ் நின்று இரண்டையும் பொருத்திப் பார்த்தார், உடைந்த கோப்பையை ஒட்டிப் பார்ப்பதுபோல. "கழட்டாதேன்னுதானே சொன்னேன்? இதை அறுத்தே வெச்சிருக்கே."

"உள்ள பாருங்க மாமா. உருகியிருக்கு."

"நாளைக்கு இதே மாதிரி புதுசு ஒண்ணு வாங்கி மாட்டு. கடை எங்கயும் ஓடிப்போகல."

"புதுசும் இப்படித்தான் ஆகும்."

"ஆகும்னு அவ்வளவு நிச்சயமா சொல்றே? பூட்டின கதவைப் பூட்டினோமான்னே உனக்கு நிச்சயம் கிடையாது!"

அவர் கத்தவில்லை. அலுப்பாகத்தான் சொன்னார். அதுதான் அதிகமாக வலித்தது. அவர் சொன்னது உண்மைதானே. ஆசிரியரைக் கேட்டால் சிலபஸில் இல்லை என்பார். புத்தகத்தைக் காட்டினால் மாமா சிரிப்பார்.

"காலைல நிச்சயமில்லாமத்தான் இருந்துச்சு மாமா," என்றாள். "அதனாலதான் அறுத்தேன். இப்ப பாத்துட்டேன். என் கையால இன்னொரு தடவை இதை மாட்டமாட்டேன்."

சொன்ன பிறகு, சொன்னது தான்தானா என்று அவளுக்கே தோன்றியது. மாமா நடக்க ஆரம்பித்தார். "வா. உங்கக்கா படகுலதான் துடைச்சிக்கிட்டு இருக்கா. அவகிட்டயே சொல்லு. ஞாயித்துக்கிழமை கிடையாதுன்னு நீயே சொல்லு."

அக்கா உள்ளறையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். துண்டுகளைக் காட்டினாள். அக்கா அவற்றைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. டார்ச்சை வாங்கி, சுவிட்ச் இருந்த ஓட்டைக்குள் அடித்தாள்.

"இது என்னடி, இப்படிப் பழுப்பா?"

"பழைய ஈரக்கறையோன்னு நெனச்சேன் அக்கா. சரியா தெரியல."

"பழசா? நீ இதை மாட்டறதுக்கு முந்தின நாள் இந்தப் பலகைக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை அடிச்சதே நான்தானே? என் நகத்துல ஒரு வாரம் பெயிண்ட் இருந்துச்சு."

அந்த வேலையின்போது வெள்ளைப் பெயிண்ட் வாடையில் தலைவலி என்று அக்கா புலம்பியது அவளுக்கு நினைவு வந்தது. மாமா படியிலிருந்து எழுந்து வந்தார். ஓட்டைக்குள் விரலை விட்டு, பலகையைச் சுரண்டினார். வெள்ளை பெயர்ந்து, கீழே மரம் கறுப்பாக, பொடிப்பொடியாக வந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

அக்கா பலகையின் இந்தப் பக்கம் ஒரு கையை வைத்தாள். எட்டி, படுக்கையின் பக்கம் இன்னொரு கையை வைக்கப் பார்த்தாள். இடுப்பில் குழந்தை இருந்ததால் எட்டவில்லை. பாப்பாவைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் படுக்கையில் ஏறி, மறுபக்கத்தைத் தடவினாள். அவள் கை நின்ற இடம் தலையணைக்கு நேர் மேலே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பா தூங்குவது அந்தத் தலையணையில்தான்.

"ஏங்க," என்றாள் அக்கா.

மாமா போனை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனார். அவர் பேசுவது கீழே கேட்டது. "ஆமா சார்... இல்ல சார், இந்த ஞாயிறு வேணாம்... இல்ல, பேட்டரி இல்ல சார், வேற வேலை... தெரியும் சார், நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு... சரி சார்... சரி." இறங்கி வந்தபோது முகம் இறுகியிருந்தது.

"மஞ்சப் படகுக்காரனுக்குக் குடுத்துட்டாரு."

"அடுத்த வாரம்?" என்றாள் அக்கா.

"பாக்கலாம்னாரு."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான். என்னைக் கேட்டா?" படியில் உட்கார்ந்து கட்டைவிரலைத் தேய்த்தார். பிறகு அவளைப் பார்க்காமலே கேட்டார்: "சரி, என்னதான் மாட்டணும்? அதைச் சொல்லு. மறுபடியும் அந்த அழுத்திப் பிடிக்கிற சனியனா?"

தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் செய்துதான் முதலில் இவ்வளவும் வந்தது. "நாளைக்குச் சொல்றேன் மாமா."

வியாழன் முழுக்க, வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம், பழைய மருந்து அட்டையின் மேல் படம் போட்டாள். பலகையில் இருந்த மற்ற எல்லாவற்றையும் ஒன்று ஒன்றாக யோசித்தாள். ஸ்டார்ட்டர் சாவி பழையதிலிருந்தே எடுத்தது. அது பெரிய கரண்டைச் சுமப்பதில்லை, இன்ஜின் அருகே இருக்கும் ரிலே என்ற கனமான சுவிட்சுக்குக் 'கிளம்பு' என்று சேதி சொல்கிறது, அவ்வளவுதான். சுமை முழுவதும் ரிலேயின் தலையில். அப்படியானால் ஹீட்டருக்கும் அதையே செய்யலாமே? மேலே லேசான ஒரு பட்டன் போதும். பேட்டரி கரண்டுக்கென்றே செய்த ரிலே ஒன்று கீழே கிடந்து சுமக்கட்டும். இவ்வளவு எளிதாக இருக்க முடியாதே என்று தோன்றியது. மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். அதே விடைதான் வந்தது. அறை விளக்குக்குப் போட்டதும் வீட்டுச் சுவிட்ச்தான். அது இழுப்பது கொசுக்கடி அளவு கரண்ட். ஆனாலும் அதையும் மாற்றுவது என்று எழுதிக்கொண்டாள்.

வெள்ளி மாலை வகுப்பில்லை. மாமாவும் அவளும் லாரி உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். லாரியும் பேட்டரியில் ஓடுவதுதான். வீட்டு எலக்ட்ரிகல் கடையில் இல்லாதது அங்கே இருக்கும் என்பது அவள் யோசனை. கடைக்காரர் கிரீஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு ரிலேயை மேசைமேல் வைத்தார். நாற்பது ஆம்பியர் என்று முகப்பில் இருந்தது. மாமா பையை நீட்டிவிட்டார்.

அவள் அதை எடுத்துத் திருப்பினாள். கண்ணாடிக் கதவருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்னம்மா, வாங்க வந்தியா, பரீட்சைக்குப் படிக்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"இது இருபத்துநாலு வோல்ட்டுங்க. எங்களுக்குப் பன்னெண்டு வேணும்."

"லாரிக்கு இருபத்துநாலுதானே போடுவாங்க?"

"எங்களுது லாரி இல்லீங்க."

"பின்ன?"

"படகு," என்றார் மாமா, அலுப்போடு.

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். சின்ன வண்டிகளுக்கான பெட்டியைத் துழாவி, பன்னிரண்டு வோல்ட் ரிலே கொண்டு வந்தார். அவள் அதையும் திருப்பிப் படித்தாள். டி.சி. என்று தெளிவாகப் போட்டிருந்தது. நெளிவுக் கோடு இல்லை. கடையிலிருந்த பேட்டரியில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்க்கலாமா என்று கேட்டாள். பார்த்தார்கள். 'டக்'. இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா, "அவ அப்படித்தான். இன்னொரு தடவை காட்டிடுங்க. இல்லேன்னா ராத்திரி வந்து உங்க கதவைத் தட்டுவா," என்றார்.

பட்டன் வேண்டுமென்றபோது மேசையில் வந்து விழுந்தது பஸ் ஹாரன் பட்டன். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக, வழவழவென்று.

"இது எதுக்கு? நான் என்ன பஸ்ஸா ஓட்டறேன்?"

"கட்டைவிரல் வேணாம் மாமா. உள்ளங்கையால அழுத்துங்க. கையை எடுத்தா தானா அணைஞ்சிடும். பாரமெல்லாம் ரிலேயோடது, இதுக்கு ஒரு வேலையும் இல்ல. லேசா அழுத்தினாலே போதும்."

மாமா மேசைமேல் கிடந்த பட்டனை உள்ளங்கையால் அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தி, அழுத்தியபடியே உதட்டுக்குள் தன் பாட்டை முணுமுணுத்தார். பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. கடைசி வரி வந்தபோது கடைக்காரர் எதிரில் நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"வலிக்கல," என்றார். சந்தோஷமாக இல்லை, ஒரு தகவல் சொல்வதுபோல.

இருவரும் திரும்பி நடந்தார்கள். பையில் ரிலே, பட்டன், ஃபியூஸ், ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பு. துறையோரம் வந்தபோது மஞ்சள் படகுக்காரன் தன் படகைக் கழுவிக்கொண்டிருந்தான், ஞாயிற்றுக்கிழமைக்காக. மாமாவைப் பார்த்துக் கையாட்டினான். மாமாவும் ஆட்டினார்.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணப்போறீங்க மாமா?"

"தூங்கப்போறேன்." கொஞ்ச தூரம் போய்ச் சொன்னார்: "காலைல சீக்கிரம் வா, சந்தேகம். அந்தப் பலகையைப் பாத்துக்கிட்டே இருக்க என்னால முடியல."

அவள் தன் அறைக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து எழுதினாள்.

அக்டோபர் 17, வெள்ளி. ரிலேயின் பின்பக்கம் படித்தேன். பட்டனின் பின்பக்கமும் படித்தேன். மாமாவின் ஒரு ஞாயிறு போனது. அடுத்தது வருமா என்று தெரியவில்லை. நாளை செய்ய வேண்டியது: முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுவது. பலகையில் கருகிய பகுதியை அறுத்தெடுத்து, புதுத் துண்டு வைப்பது. ரிலேயை இன்ஜின் பக்கத்தில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டுவது. ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்தில் போடுவது. பட்டனை மாமாவின் இடுப்பு உயரத்துக்கு வைப்பது. பல்பின் ஒயரைப் பட்டனிலிருந்து எடுக்காமல், ஹீட்டரிலிருந்தே எடுப்பது; ஹீட்டரில் கரண்ட் ஓடும்வரை அது எரிய வேண்டும். கையை எடுத்ததும் பல்பு அணைகிறதா என்று பார்ப்பது.